சந்தனம் படாத பெட்டி

தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டுக்குப் பின்னால் இருக்கிற ஏழு சந்துகளில் இன்டர்நெட் நின்றுபோனால் யாரும் கம்பெனி நம்பருக்குப் போன் செய்வதில்லை. அந்த நம்பரில் ஒரு பெண் இனிமையாக ஒன்றை அழுத்தச் சொல்வாள், இரண்டை அழுத்தச் சொல்வாள், கடைசியில் மன்னிப்புக் கேட்பாள். சந்துக்காரர்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "வடிவக்கா போறாளா பாரு" என்று குரல் கொடுப்பார்கள். பெரும்பாலும் அவள் போய்க்கொண்டுதான் இருப்பாள். ஒரு தோளில் அலுமினிய ஏணி, இன்னொரு தோளில் ரெக்சின் பை, சுடிதாருக்கு மேலே கம்பெனி கொடுத்த நீலச் சட்டை. சட்டை ஆம்பளை அளவு. கையை மூன்று மடிப்பு மடித்து விட்டிருப்பாள்.

சண்முகவடிவுக்கு முப்பத்தொன்பது வயது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தபோது பத்தொன்பது. கணவர் சுடலைக்கண்ணனுக்கு வடாலாவில் லாரி சரக்கு ஏற்றி இறக்குவதைப் பார்த்துக்கொள்கிற வேலை. இவள் பதினோரு வருஷம் அபுதாஹிர் பாயின் தோல்பைப் பட்டறையில் ஜிப் தைத்தாள். அப்படியே தைத்துக்கொண்டு இருந்திருப்பாள், ஊரடங்கு மட்டும் வராதிருந்தால்.

ஊரடங்கில் பட்டறை மூடிவிட்டது. சந்துக்கு லைன் பார்த்துக்கொண்டிருந்த ஆள் சொந்த ஊரான கோரக்பூருக்குப் போய்விட்டான். அவன் போன மூன்றாம் நாள் எலி கடித்து லைன் அறுந்தது. பள்ளிக்கூடம் போனில் நடக்கிறது, ஆபீஸ் போனில் நடக்கிறது, சந்தே இருட்டில் நின்ற மாதிரி ஆகிவிட்டது. வடிவு அந்த ஆளுக்கு வீடியோ கால் போட்டாள். அவன் அங்கே ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு வெட்டு, துடை, சொருகு என்று சொல்லச் சொல்ல, இவள் இங்கே யாரோ கொடுத்த ஏணியில் நின்றுகொண்டு வெட்டினாள், துடைத்தாள், சொருகினாள். பதினோரு வருஷம் ஜிப் பல்லைப் பார்த்துப் பார்த்துத் தைத்த விரல்களுக்கு, தலைமுடி கனத்தில் இருந்த அந்தக் கண்ணாடி நார் ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை. அரை மணி நேரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. கீழே நின்றவர்கள் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலை அவள் இன்றைக்கும் மறக்கவில்லை, அதைச் சொல்ல வெட்கப்படவும் இல்லை.

கோரக்பூர்க்காரன் திரும்பி வரவில்லை. வேலை இவளுக்கே வந்தது. இப்போது அவள் கையில் முந்நூற்று நாற்பது வீடு. மற்றவர்கள் கனெக்‌ஷன் என்பார்கள், இவள் வீடு என்றுதான் சொல்வாள். அதில் கொஞ்சம் கர்வம் இருக்கிறது என்று சிலர் முணுமுணுப்பார்கள். இருக்கட்டுமே. ஏழு சந்தில் எந்த வீட்டில் எந்தச் சுவர் ஈரம் காக்கிறது என்று சொல்லத் தெரிந்தவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

இங்கே கொஞ்சம் பெட்டி விவரம் சொல்லியாக வேண்டும். ரொம்ப இல்லை. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருகிற ஃபைபர் கம்பியில் வருவது வெளிச்சம். அந்த வெளிச்சத்தை வாங்கி நம் போனுக்கும் லேப்டாப்புக்கும் புரிகிற மாதிரி மாற்றித் தருவது மோடம். மாற்றியதை வீடு முழுக்க வைஃபையாகப் பரப்புவது ரவுட்டர். இரண்டையும் தனித்தனியாக வைக்கலாம். இரண்டு வேலையையும் செய்கிற ஒரே பெட்டியாகவும் வைக்கலாம்.

வடிவு தனித்தனியாகத்தான் வைத்தாள். தாராவி வீடு கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, நடுவில் இரும்புத் தகடு. கீழே பட்டறையோ பலகாரம் போடுகிற இடமோ இருக்கும், மேலே குடித்தனம். வைஃபை இரும்புத் தகட்டைத் தாண்டாது. அதனால் கீழ் அறையில், கம்பி நுழைகிற இடத்திலேயே, கூரையை ஒட்டி ஒரு காற்றோட்டமுள்ள டப்பாவுக்குள் மோடத்தை வைத்துத் திருகு போட்டு மூடிவிடுவாள். அங்கிருந்து தடித்த நீலக் கேபிள் ஒன்று மேலே போகும். மேலே ஆணியில் ரவுட்டர் தொங்கும். கேபிள் முனையிலும் ரவுட்டரின் துளையிலும் சிவப்பு டேப் ஒட்டியிருப்பாள். சிவப்பைச் சிவப்பில் சொருகு என்றால் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் சொருகிவிடுவார்கள்.

ஆவணி மாதம் நவி மும்பையில் ஐரோலியிலிருக்கிற கம்பெனி ஆபீசிலிருந்து சாதனா வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும், இந்த வட்டாரத்துக்குப் புதிதாக வந்த மேனேஜர். நல்ல பெண். மராட்டியில் அக்காவை அழைக்கிற மாதிரி வடிவை 'தாயி' என்றுதான் கூப்பிடுவாள். அவள் பையிலிருந்து ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்து மேசை மேல் வைத்தாள். மேலே நான்கு ஆன்டெனாக் கொம்பு. பார்க்க லட்சணமாக இருந்தது.

"ஒரே பெட்டி, ஒரே பிளக், அஞ்சு நிமிஷ வேலை" என்றாள் சாதனா இந்தியில். "ரெண்டு பெட்டி இருந்தா ரெண்டு இடத்துல கோளாறு வரும் தாயி. இனி எல்லா ஏரியாவுக்கும் இதுதான்."

"அப்போ கோளாறு பாக்குறது யாரு?" என்று வடிவு கேட்டாள்.

சாதனா மேசையைப் பார்த்தாள். "ஐரோலியிலிருந்து ஒரு டீம் வேனில் சுற்றி வரும். ஏரியாவுக்குத் தனி ஆள் தேவைப்படாது."

அவ்வளவுதான். ஒற்றைப் பெட்டி வந்தால் வடிவு போக வேண்டும். முந்நூற்று நாற்பது வீடும் ஒரு வேனுக்குப் போய்விடும். வடிவு குரலை மாற்றவில்லை. இரும்புத் தகட்டைச் சொன்னாள், எலியைச் சொன்னாள், மிக்ஸி போட்டால் ஆடுகிற கரண்டைச் சொன்னாள். சாதனா எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தாள். கம்பியை வெளிச்சுவரோடு மாடிக்கே ஏற்றி அங்கேயே பெட்டியை மாட்டிவிடலாம் என்றாள்.

ஒரு காரணத்தை மட்டும் வடிவு சொல்லவில்லை. உண்மையில் அதுதான் பெரிய காரணம்.

அவள் வேலைக்கு வந்த முதல் வருஷம் எல்லா வீட்டிலும் ஒற்றைப் பெட்டிதான் இருந்தது. ஆயுத பூஜை வந்தது. கீழே தையல் மெஷினுக்குச் சந்தனம், கிரைண்டருக்குச் சந்தனம், தராசுக்கும் கத்திரிக்கோலுக்கும் சந்தனம். சோறு போடுகிற சாமான் எதையும் சாமி முன்னால் வைக்காமல் விட மாட்டார்கள். இன்டர்நெட் பெட்டியும் இப்போது சோறு போடுகிறதே! கழற்றி, துடைத்து, பொட்டு வைத்து, கூடவே வந்த கம்பியின் பச்சை முனைக்கும் பொட்டு வைத்தார்கள். வெளிச்சம் நுழைகிற அந்த முனையில் தூசு பட்டாலே ஆகாது, சந்தனம் பட்டால் என்ன ஆகும்? மறுநாள் காலையில் எண்பத்தைந்து வீட்டில் சிவப்பு விளக்கு. நான்கு நாள் நின்று சரி செய்தாள். அதற்குப் பிறகுதான் வீடு வீடாக இரண்டு பெட்டியாகப் பிரித்தாள். மோடம் கைக்கு எட்டாத இடத்தில் மூடிக்குள். ரவுட்டரைக் கழற்றிச் சாமி முன்னால் வைத்துக்கொள்ளட்டும், குங்குமம் வைக்கட்டும், பூ சுற்றட்டும், மறுநாள் சிவப்பைச் சிவப்பில் சொருகினால் வேலை செய்யும். யாருடைய சாமியையும் தடுக்கவில்லை, லைனும் நிற்கவில்லை.

இதை ஐரோலியில் போய் எப்படிச் சொல்வது? ஏசி ரூமில் பத்துப் பேர் உட்கார்ந்து, மோடத்துக்குப் பொட்டு வைக்கிற ஜனங்கள் என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்கு வேண்டாம். வேலை போனாலும் வேண்டாம். வடிவின் கர்வம் அப்படிப்பட்டது, சமயத்தில் அவள் காலையே வாரிவிடும்.

கடைசியில் சாதனாவே ஒரு வழி சொன்னாள். நாற்பது வீட்டில் பார்த்துவிடலாம். இருபது வீட்டில் புதுப் பெட்டி, இருபது வீட்டில் வடிவின் இரண்டு பெட்டி. ஒரு மாதம். எதில் புகார் குறைவோ அதுதான் இனி.

மூன்று வாரம் போனது. புதுப் பெட்டியும் மோசமில்லை, இதை வடிவே ஒத்துக்கொள்வாள். அதில் ஏழு புகார், இவளுடையதில் ஆறு. அந்த ஆறிலும் நான்கு, மிக்ஸிக்காக யாரோ பிளக்கைப் பிடுங்கியதால் வந்தது. சாதனா போனில், "கிட்டத்தட்ட சமம்தான் தாயி, சமம்னா ஒரு பெட்டிதான் லாபம்" என்றாள். வடிவு சரி என்று போனை வைத்தாள். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான்காவது வாரத்தில் ஆயுத பூஜை.

அதற்கு இரண்டு நாள் முன்னால், காலையில் ஏணியை எடுத்துக்கொண்டு கிளம்பியவளைச் சுடலைக்கண்ணன் நிறுத்தினார். "எங்க போற?"

"புதுப் பெட்டி வச்ச வீட்டுக்கெல்லாம். பூசைக்குப் பெட்டியக் கழத்தாதீயன்னு சொல்லிட்டு வாரேன்."

"ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? பேசாம இரு வடிவு. அவ்வோ கழத்துவாவ, சிவப்பு லைட்டு எரியும், அந்த மேடம் பாப்பா. தன்னால ஒன் வேலை ஒனக்கு வந்துரும். நீயா போயி ஏன் கெடுத்துக்கிடுத?"

அவர் சொன்னதில் தப்பில்லை. இரண்டு நாள் சும்மா இருந்தால் போதும், முந்நூற்று நாற்பது வீடும் அவளிடமே இருக்கும். அவளும் இரவெல்லாம் அதைத்தான் யோசித்திருந்தாள்.

"லைட்டு எரியிறது அவுக வீட்டுல" என்றாள். "முப்பிடாதி மதினி மவ கீதாவுக்கு வீட்டுலருந்துதான் வேலை. லைன் நின்னா அந்தப் பிள்ளைக்கு ஆபீஸ்காரன் லீவு போட்டுருவான். தெரிஞ்சும் வாய மூடிட்டு இருந்தா, நாளைக்கு அந்தச் சந்துல எந்த மூஞ்சிய வச்சிட்டு ஏணியச் சாத்துவேன்?"

சுடலைக்கண்ணன் ஏணியை வாங்கி, அவரே அவள் தோளில் சரியாக வைத்துவிட்டார்.

இருபது வீட்டுக்கும் போனாள். எல்லோரும் காபி கொடுத்தார்கள், எல்லோரும் தலையாட்டினார்கள். முறுக்கும் அதிரசமும் போட்டு விற்கிற முப்பிடாதியம்மாள், "நீ சொன்ன பொறவு மறுபேச்சா? விரல் நுனி படாது" என்று சத்தியமே செய்தாள். சந்து முனையில் பட்டறை வாசலில் நின்ற அபுதாஹிர் பாய் இவளைப் பார்த்துச் சிரித்தார். அவர் பட்டறையில் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் நெல்லைக்காரர்கள். அவர்கள் வருஷா வருஷம் அங்கேயே மெஷினுக்குப் பூஜை போடுவார்கள், பாய் வாசலில் நின்று எல்லோருக்கும் மிட்டாய் கொடுப்பார்.

"தங்கச்சி, நீ சொல்லுத, அவுக கேக்குதாவ. ஆனா பூசை அன்னைக்கு அவுக யாரு பேச்சும் கேக்க மாட்டாவ" என்றார்.

"தெரியும் பாய். நான் சொல்லணும்லா, சொல்லிட்டேன்."

ஆயுத பூஜை அன்று மதியம் ஐரோலியில் சாதனாவின் திரையில் புதுப் பெட்டி வைத்த வீடுகளைக் காட்டுகிற இருபது பச்சைப் புள்ளிகளில் பதினேழு ஒவ்வொன்றாக அணைந்தன. பூஜைக்கு வைத்த சாமானை அன்றைக்குத் தொட மாட்டார்கள் என்பதால் சந்திலிருந்து யாரும் புகார் சொல்லவில்லை. நிம்மதியாகப் பொரியும் சுண்டலும் தின்றுகொண்டிருந்தார்கள். வடிவின் இருபது புள்ளிகள் அப்படியே பச்சையாக நின்றன. சாதனா எங்கோ கம்பி அறுந்திருக்கும் என்று நினைத்தாள். ஆனால் ஒரே கம்பத்திலிருந்து போகிற வீடுகளில் ஒன்று அணைந்தும் அடுத்தது எரிந்தும் இருப்பது எப்படி என்று அவளுக்கு விளங்கவில்லை.

மறுநாள் தசரா. மும்பையே விடுமுறையில் இருந்தபோது சாதனா காலை ஒன்பது மணிக்குச் சந்துக்குள் வந்து நின்றாள். அதற்குள் வடிவின் போன் பதின்மூன்று தடவை அடித்துவிட்டது. நான்கு வீட்டில் முனையில் பொட்டு வைக்காததால் திரும்பச் சொருகியதும் பிழைத்துக்கொண்டது. பதின்மூன்றில் சிவப்பு.

முதலில் முப்பிடாதியம்மாள் வீடு. மாடியில் வெள்ளைப் பெட்டி நான்கு கொம்பிலும் கதம்பம் சுற்றி, நெற்றியில் சந்தனமும் குங்குமமுமாக உட்கார்ந்திருந்தது. பச்சை முனையிலும் கடுகளவு சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. கீதா லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மதினி, சத்தியம்லாம் பண்ணுனியளே?"

"கிரைண்டர் இருக்கு, தராசு இருக்கு, முறுக்கு அச்சு இருக்கு, எல்லாம் சாமிக்கு முன்னால வரிசையா இருக்கு. எம்பிள்ளைக்குச் சோறு போடுத பெட்டி மட்டும் செவுத்துல தொங்குது. மனசு கேக்கல வடிவு. நீ சொன்னியேன்னு தண்ணி படாமத்தான் தொடச்சேன். பொட்டுகூடச் சின்னதாத்தான் வச்சேன்."

சாதனாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பெட்டியைப் பார்த்தாள், பச்சை முனையைப் பார்த்தாள், வடிவைப் பார்த்தாள். "இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று இந்தியில் கேட்டாள்.

"தெரியும். ரெண்டு நாளைக்கு முன்னால இருபது வீட்டுக்கும் போய்க் கழத்த வேண்டாம்னு சொன்னேன்."

"ஆனா என்கிட்ட மட்டும் சொல்லல."

வடிவு பையைத் திறந்து கத்தரியை எடுத்தாள். பச்சை முனையை வெட்டிக்கொண்டே பேசினாள். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததைக் கை வேலையில் இருக்கும்போது சொல்லிவிடலாம்.

"சொன்னா நீங்க சிரிச்சிருப்பீங்க. நீங்க இல்லாட்டி உங்க ஆபீஸ்ல யாராவது. எங்க ஜனங்க முட்டாள் இல்ல மேடம். சோறு போடுறதைக் கும்பிடுறாங்க. அதுக்கு ஏத்த மாதிரி வேலை செய்யிறது என் பொறுப்பு, அவங்களை மாத்துறது இல்ல."

சாதனா சிரிக்கவில்லை. தன் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். காலையில் கிளம்புகிற முன் ஐரோலி ஆபீசில் எடுத்தது. ஆள் உயரக் கண்ணாடி அலமாரி, உள்ளே அடுக்கடுக்காக மெஷின்கள், மினுக் மினுக் என்று நூறு விளக்கு. கண்ணாடிக் கதவின் மேல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை செண்டுமல்லி மாலை. நடுவில் குங்குமம்.

"எங்களுக்கு தசரா அன்னைக்குத்தான் பூஜை" என்றாள். "மாலை நான் போட்டதுதான்."

வடிவு படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முதல் தடவையாக அந்தப் பெண்ணிடம் மனம் விட்டுச் சிரித்தாள். பிறகு கண்ணாடிக் கதவின் மேல் விரலை வைத்தாள்.

"உள்ள இருக்கிற வயர் மேல பூ படல பாருங்க. ஏன்? உங்களுக்குக் கதவு இருக்கு. பூஜை கதவுக்கு, வேலை உள்ள. இந்த வீடுகள்ல கதவு கிடையாது மேடம். அதான் நான் வச்சேன்." கூரையைக் காட்டி, பக்கத்து வீட்டில் தன் மோடம் இருக்கிற உயரத்தைக் கையால் அளந்தாள். "கும்பிடுறதுக்கு ரவுட்டரைக் கைக்கு எட்டுற மாதிரி கொடுத்தேன். மோடத்தைக் கைக்கு எட்டாம மூடி வச்சேன். ரெண்டு பெட்டி அதுக்குத்தான்."

சாதனா உடனே திரும்பிப் போகவில்லை. தசரா அன்று வீட்டில் காத்திருக்கிறவர்களுக்குப் போன் செய்து மத்தியானம் ஆகும் என்று சொல்லிவிட்டு, வடிவின் பின்னால் பதின்மூன்று வீட்டுக்கும் நடந்தாள். ஏணியைப் பிடித்துக்கொண்டாள். வடிவு வெட்டினாள், துடைத்தாள், புது முனை போட்டாள், விளக்கு பச்சையாகும்வரை காத்திருந்து அடுத்த வீட்டுக்குப் போனாள். ஒரு மணிக்குள் பதின்மூன்றும் முடிந்தது. பதின்மூன்று வீட்டிலும் அதிரசம் கொடுத்தார்கள். சாதனாவின் கைப்பை நிரம்பிவிட்டது.

தீபாவளி கழிந்து கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் கீதாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். சுடலைக்கண்ணன் லுங்கியைக்கூட மாற்றாமல் வாசலில் வந்து நின்றார். கீதா முதலில் தனக்குள் வாசித்தாள்.

"ரெண்டு பெட்டிதான்னு போட்டிருக்கா?" என்றாள் வடிவு.

"அப்படிப் போடல அத்தை."

கீதா தமிழில் சொன்னாள். இந்த ஏரியாவில் எந்த வீட்டுக்கு எந்தப் பெட்டி என்பதை இனிக் கம்பெனி முடிவு செய்யாது. சண்முகவடிவு வீட்டைப் பார்த்து முடிவு செய்வார். அவர் எழுதிக் கொடுக்கிற பெட்டியைக் கம்பெனி அனுப்பும். ஏரியா அவருடையது.

"திருப்பி வாசி" என்றார் சுடலைக்கண்ணன். கீதா திருப்பி வாசித்தாள். அவர் மூன்றாவது தடவையும் கேட்டிருப்பார், வேலைக்கு நேரமாகிவிட்டது. அன்றைக்கு வடாலாவில் அவர் இதைச் சொல்லாத லாரி டிரைவர் கிடையாது என்று பிறகு வடிவுக்குத் தெரியவந்தது.

மறுநாள் முதல் வேலை, ரோட்டோரம் புதிதாகக் கட்டியிருக்கிற அடுக்குமாடியில் ஆறாவது மாடி. ராஜபாண்டி என்ற பஸ் கண்டக்டரின் வீடு. ஒரே அறை, சிமெண்டுச் சுவர், கம்பி நுழைகிற இடம் வாசலுக்கு மேலே, கையை நீட்டினாலும் எட்டாத உயரத்தில். வடிவு அறையின் நான்கு மூலையிலும் போனைப் பிடித்து நின்று பார்த்தாள். பிளக் எங்கே என்று பார்த்தாள். சாமி படம் எந்தச் சுவரில் என்று பார்த்தாள். பிறகு படிவத்தை எடுத்து ஏணிப் படியில் வைத்து எழுதினாள்.

ராஜபாண்டி எட்டிப் பார்த்துவிட்டுத் திகைத்தார். "என்னக்கா, ஒரு பெட்டின்னு எழுதுறீங்க? ரெண்டு பெட்டிக்காகக் கம்பெனியவே எதுத்து நின்ன ஆளுன்னு சந்தெல்லாம் பேசுதாவ. எனக்கும் ரெண்டே போடுங்க."

"அந்தச் சந்து வீட்டுக்கு ரெண்டு வேணும், நின்னேன். இந்த வீட்டுக்கு ஒண்ணு போதும் தம்பி."

"யாரு சொன்னா?"

படிவத்தின் அடியில், முடிவு செய்தவர் என்று புதிதாக அச்சடித்திருந்த இடத்தில் அவள் தமிழில் முழுப்பெயரையும் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்துத்தான் நிமிர்ந்தாள்.

"நாந்தான் சொல்லுதேன்" என்றாள்.